கிராணியின் செக்ரோலும் கணினியின் நிழலும்

ஜொகூர், கூலாயில் செம்பனை நின்ற தோட்ட மண்ணில் இன்று தரவு மையங்கள் எழுந்திருக்கின்றன. ஒரு காலத்தில் பெரட்டு, அதாவது ஆட்களின் வருகைக் கணக்கு, எடுத்த ஊரில் இப்போது சர்வர்கள் இரைகின்றன. ஆனாலும் பெரட்டுக்கான தேவை போய்விடவில்லை. கணினியின் நினைவகத்துக்கும் அது வேண்டியிருக்கிறது.

சி, சி++ மொழிகளில் எழுதப்படும் நிரல்கள் நினைவகத்தைத் தாங்களே கேட்டு வாங்கித் தாங்களே திருப்பித் தர வேண்டும். அதில் மூன்று தவறுகள் அடிக்கடி நேரும். எல்லை தாண்டித் தொடுவது, திருப்பித் தந்த இடத்தை மறுபடி தொடுவது, எதுவும் எழுதாத இடத்தில் இருப்பதை மதிப்பென்று நம்புவது. நிரல் உடனே விழுந்துவிட்டால் நல்லது. பல வேளைகளில் விழாது. 2014இல் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ பிழை, எல்லை தாண்டிப் படித்ததால் வந்தது. ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை ரகசியம் கசிந்தது.

இத்தகைய தவறுகளைப் பிடிக்க ஜூலியன் சீவர்ட் உருவாக்கி 2002இல் வெளியிட்ட கருவி வால்கிரின்ட். அதன் முக்கியப் பகுதி மெம்செக். நிரல் பயன்படுத்தும் நினைவகம் முழுவதற்கும் அது நிழலாக ஒரு பதிவேடு வைக்கிறது.

தோட்டத்து லயன் வீடு ஒன்றில் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். வீடு ஒரு பைட். ஆட்கள் அதன் எட்டு பிட்கள். ஆள் வேலைக்கு வந்தது, அந்த பிட்டில் மதிப்பு எழுதப்பட்டதைக் குறிக்கும். குடியிருப்பு, நிரல் அந்த பைட்டைத் தொடலாம் என்பதைக் குறிக்கும். தோட்ட எழுத்தரான கிராணி ஒவ்வொருவரும் வேலைக்கு வந்தாரா என்று எட்டுக் குறிகளும், வீட்டில் குடியிருப்பு உண்டா என்று ஒரு குறியும் வருகைப் பதிவேடான செக்ரோலில் போடுகிறார். வீட்டுக்கு 9 குறி. மெம்செக்கும் முதலில் இப்படித்தான் எழுதியது. 1024 மெகாபைட்டுக்கு நிழல் மட்டுமே 1152 மெகாபைட். பொருளைவிட நிழல் பெரிது!

சீவர்டும் அவரோடு பணியாற்றிய நிக்கலஸ் நெதர்கோட்டும் கவனித்தது எளிய உண்மை. ஒரு வீட்டில் பெரும்பாலும் எல்லாரும் வந்திருப்பார்கள், அல்லது ஒருவருமே வந்திருக்கமாட்டார்கள். ஆக நான்கு நிலைகள் போதும்: பூட்டிய வீடு, எல்லாரும் வந்த வீடு, யாரும் வராத வீடு, சிலர் மட்டும் வந்த வீடு. நான்கைக் குறிக்க 2 பிட் போதும். நான்காம் வகை அரிது. அதன் முழு விவரம் தனி நோட்டில். 2006இல் வந்த வால்கிரின்ட் 3.2 பதிப்பில் 1152 மெகாபைட் நிழல் 256 மெகாபைட்டாகச் சுருங்கியது, தனி நோட்டு நீங்கலாக.

இடம் குறைந்ததோடு வேகமும் கூடியது. நான்கு வீடுகளின் குறி ஒரே பைட்டில் அடங்குவதால், நான்கு பைட்டைச் சேர்த்துப் படிக்கும்போது ஒரே ஒப்பீட்டில் ‘எல்லாரும் உண்டு’ என்று கடந்துவிடலாம். குறி வேறாக இருந்தால்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். 64 கிலோபைட் பகுதி முழுவதும் ஒரே நிலையில் இருந்தால், அத்தகைய எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவான ஒரே தாள் போதும். ஒரு வீட்டில் மாற்றம் வந்தால்தான் அந்தப் பகுதிக்குத் தனித்தாள் எடுக்கப்படும்.

இத்தனைக்குப் பிறகும் மெம்செக்கில் ஓடும் நிரல் வழக்கத்தைவிட 20 முதல் 30 மடங்கு மெதுவாக ஓடும். கூகுள் பொறியாளர்கள் உருவாக்கிய அட்ரஸ் சானிடைசர், எட்டு பைட்டுக்கு ஒரே நிழல் பைட் வைத்து, சோதனைகளை நிரலோடு சேர்த்தே தொகுத்து, சராசரித் தாமதத்தை 73 சதவீதமாகக் குறைத்தது. ஆனால் அது வீடு பூட்டியதா திறந்ததா என்று மட்டும் பார்க்கும். உள்ளே யார் வந்தார் என்று கேட்காது. மெம்செக் செக்ரோலைச் சுருக்கியபோது ஒரு குறியைக்கூட இழக்கவில்லை. வழக்கமானதை இரண்டு குறியில் முடித்து, விலகி நின்றதை மட்டும் தனி நோட்டில் முழுதாக எழுதிவைத்தது.