தரையில் எண்ணெய், பெட்டியில் கீரை!
நெட்டுக்குப்பத்துக்குக் கை கொடுக்கும் குதிரை லத்தி

மாசி பிறந்து பனி விலகிவிட்டால் சென்னையில் விதை போடும் நேரம். கொல்லையிலும் மாடியிலும் கீரை, வெண்டை, கொத்தவரை, வெள்ளரி என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

நெட்டுக்குப்பத்துக்காரர்கள் என்ன செய்வார்கள்? ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் எண்ணூர் முகத்துவாரம். காலடியில் மணல். "உப்புக் காத்துல என்னாத்த முளைக்கும்?" என்ற கேள்விதான் முதலில் வரும்.

முளைக்கும்! ஆனால் தரையில் அல்ல, பெட்டியில். அதற்குக் கை கொடுப்பது குதிரை!

தரையை நம்பாதீர்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், முகத்துவாரம் முழுக்கப் பரவியது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுத்துப் போயின. மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் எண்ணெய் அள்ளினார்கள். 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10 ஆயிரம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. மண்ணுக்கு யார் நிவாரணம் தருவது?

இது ஒரு நாள் கதை. சாம்பல் கதையோ பல வருஷக் கதை. அனல் மின் நிலையச் சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்தது, பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம்.

"சாம்பல் செடிக்கு நல்லதுதானே?" என்று ஏமாறக் கூடாது. அடுப்பில் விறகு எரிந்த சாம்பல் வேறு, நிலக்கரிச் சாம்பல் வேறு. பின்னதில் ஈயம், ஆர்சனிக் போன்ற விஷ உலோகங்கள் இருக்கின்றன. கீரை இவற்றை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும். ஆகவே முகத்துவாரச் சேற்றை உரமென்று அள்ளிப் போடவே கூடாது. மண்ணை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும்.

லத்தியின் சூடு

மாடு அசை போடும். குதிரை அசை போடாது. தின்ற புல் பாதி ஜீரணமாகித் திப்பி திப்பியாக வெளியே வரும். அதைக் குவித்தால் உள்ளே கொதிக்கும்! குளிர் நாடுகளில் வசந்த காலத் தொடக்கத்தில் பாத்திக்கு அடியில் புது லத்தியைப் பரப்பி, அந்தச் சூட்டிலேயே நாற்று வளர்த்தார்கள்.

நம் வெயிலுக்கு அந்தச் சூடு ஆகாது. புதிதாகப் போட்டால் வேர் கருகும். குவித்து, தண்ணீர் தெளித்து, இரண்டு மூன்று மாதம் மக்க விட வேண்டும். நடுவில் புரட்டிப் போட்டால் களை விதையும் சாகும். மக்கியது கறுத்து, பொலபொலவென்று, நாற்றமில்லாமல் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை! லத்தியில் தனுர்வாதக் கிருமி இருக்கலாம். கையில் புண்ணோடு தொடக் கூடாது. தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

மீன் பெட்டியே தொட்டி

ஐஸ் போட்டு மீன் அனுப்பும் பழைய தெர்மோகோல் பெட்டி குப்பத்தில் கிடைக்காத பொருளா? அடியில் ஓட்டை போட்டு, உப்புப் போகக் கழுவி, இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய லத்தி கலந்து நிரப்பலாம். நிலத்தடி நீர் கரித்தால் அதை ஊற்ற வேண்டாம். அரிசி கழுவிய தண்ணீர் போதும். கடல் காற்று நேரே அடிக்காதபடி சுவரோரமாக வைக்க வேண்டும். முளைக்கீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும்.

மீன் கழிவையும் வெல்லத்தையும் சரி எடைக்குப் போட்டு, மூடி வைத்தால் ஒரு மாதத்தில் மீன் அமிலம் தயார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து தெளித்தால் செடி தழைக்கும்.

லத்திக்கு எங்கே போவது?

ஜட்கா வண்டி ஓடிய காலத்தில் தெருவிலேயே கிடந்தது. இன்றும் மெரினாவில் சவாரிக் குதிரைகள் உண்டு. போலீசில் குதிரைப் படை உண்டு. லாயம் இருக்கும் இடத்தில் லத்தி குவியத்தான் செய்யும். ஒரு மினி லாரி லோடு வந்தால் ஒரு தெருவுக்கே போதும்.

கிண்டியில் குதிரைகள் பந்தயம் ஓடிய 160 ஏக்கரை 2024 செப்டம்பரில் அரசு கையில் எடுத்தது. அதில் 118 ஏக்கரில் பூங்கா என்று உத்தரவும் போட்டது. விவகாரம் கோர்ட்டு வரை போனது.

நெட்டுக்குப்பம் கேட்பது 118 ஏக்கர் அல்ல. மூட்டை மூட்டையாகக் கொஞ்சம் லத்தி, சுத்தமான மண், உப்பில்லாத தண்ணீர். அவ்வளவுதான்!