பாக்கெட்டிலிருந்து பானைக்கு

வாடகை அறையில் பாக்கெட் நூடுல்சும் பன்னுமே என் இரவுணவாக இருந்தன. வயிற்றெரிச்சல் வந்த பின்னரே சமைக்கத் துணிந்தேன். இப்போது பால், தயிரும் விலக்கிய தாவர உணவுதான். 1944-இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் குழுவினர் இதற்கு 'வீகன்' எனப் பெயரிட்டனர்.

"பால் குடிக்காட்டி எலும்பு என்னடா ஆகும்?" என்றார் அம்மா. அவர் கறந்து விற்கும் பாலில்தான் நான் படிக்கிறேன், நா எழவில்லை.

நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் உண்டு. பசும்பாலில் 120 தான். ஆயினும் கேழ்வரகின் ஃபைட்டிக் அமிலம் அதைப் பிணைத்து, உடலில் சேரவிடாமல் தடுக்கும். முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் அவ்வமிலம் சிதைந்து குறையும். பாட்டி மாவை இரவெல்லாம் புளிக்கவைத்ததில் எவ்வளவு வேதியியல்! பி12 மட்டும் தாவர உணவில் போதாது, மாத்திரைதான்.

விடுமுறையில் நானே கூழ் காய்ச்சினேன். குடித்துப் பார்த்த அம்மா, "உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டுப் பால் கறக்கப் போனார்.