பருப்புப் பொடியும் கைப்பேசியும்

"கைப்பக்குவம் இருக்கிறது. செய்து விற்கலாம் என்று ஆசையும் இருக்கிறது. ஆனால் யார் வந்து வாங்குவார்கள்?" இப்படிக் கேட்கும் சகோதரிகளுக்காகத்தான் என் அனுபவத்தை எழுதுகிறேன். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். எனக்கு வந்தது உங்களுக்கு வராதா என்ன?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும், கிண்டியில் வேலை பார்த்த என் கணவருக்குச் சம்பளம் பாதியாயிற்று. மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டிய வருஷம். நகையை அடகு வைப்பதா, படிப்பைத் தள்ளிப் போடுவதா என்று நாங்கள் இரவெல்லாம் பேசிக் கொண்டிருந்தோம். அத்தைதான் (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) சொன்னார்: "உன் பருப்புப் பொடியைத் தெருவே கேட்டு வாங்குது. அதைக் காசாக்கேன்!"

சேலையூரில் எங்கள் வீட்டுப் பக்கத்து மளிகைக் கடைக்குப் பாக்கெட் போட்டுக் கொடுத்தேன். 200 கிராமுக்கு 65 ரூபாய். அதுவும் ஒரு மாதம் கழித்துத்தான் கைக்கு வரும். ஒரு நாள் அத்தை நோட்டைக் கொண்டு வரச் சொல்லிக் கணக்குப் போட்டார். ஒரு கிலோ பொடிக்குப் பருப்பு, மிளகாய், பூண்டு, பெருங்காயம் எல்லாம் அப்போதைய விலையில் 240 ரூபாய். காஸ், அரவைக் கூலி 40. கவர், லேபிள் 30. மொத்தம் 310. ஐந்து பாக்கெட் வரும். ஒன்றுக்கு அடக்கம் 62 ரூபாய். "மூணு ரூபாய்க்காகவா இடுப்பு ஒடிய வறுக்குறே?" என்றார். அதே பாக்கெட் கடையில் 90 ரூபாய்க்குப் போயிற்று!

1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை வந்ததே, எதற்காக? விளைவித்தவரும் வாங்குகிறவரும் நேருக்கு நேர் பார்த்துக் கொள்ளத்தானே? "அந்தச் சந்தையை உன் போனுக்குள்ளேயே வெச்சுக்கலாம்மா" என்றாள் மகள்.

முதலில் ஒரு தனி எண்

2018-லிருந்து வாட்ஸ்அப் பிசினஸ் என்று ஒன்று இருக்கிறது. காசு கிடையாது. வீட்டில் சும்மா கிடந்த சிம் கார்டில் அதைப் போட்டோம். நம் பொருள்களின் படம், எடை, விலை எல்லாவற்றையும் கடை அலமாரி மாதிரி அதில் அடுக்கி வைக்கலாம். "என்ன விலைம்மா?" என்று பத்துப் பேர் கேட்டால் பத்துத் தரம் பதில் எழுத வேண்டியதில்லை. சொந்தக்காரர் பேச்சும் வியாபாரப் பேச்சும் கலக்காமலும் இருக்கும்.

படம் எடுப்பதில் கவனம்

ராத்திரி டியூப் லைட்டில் நான் எடுத்த முதல் படத்தில் பொடி செங்கல் தூள் மாதிரி இருந்தது! காலை எட்டு மணி வெளிச்சத்தில், ஜன்னலோரம், வாழையிலைத் துண்டில் கொஞ்சம் பொடி, பக்கத்தில் சுடுசோறும் நெய்யும் வைத்து எடுத்துப் பாருங்கள். பார்த்தவுடன் நாக்கில் நீர் ஊறும். வேறு எங்கிருந்தோ எடுத்த படத்தை மட்டும் போடாதீர்கள். பொருள் கைக்குப் போனதும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நச்சரிக்காதீர்கள்

இது நான் பட்டுத் தெரிந்து கொண்டது. குடியிருப்போர் குழுவில் தினமும் "பொடி ரெடி, வத்தல் ரெடி" என்று போட்டேன். நாலாம் நாள் என்னைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள். இரண்டு நாள் மொட்டை மாடிக்குக்கூடப் போக வெட்கமாக இருந்தது. அதன் பிறகு, ஒரு முறை வாங்கியவர்களிடம் "வாரம் ஒரு தகவல் அனுப்பலாமா?" என்று கேட்டு, சரி என்றவர்களை மட்டும் ஒரு பட்டியலில் சேர்த்தேன். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். நம் எண்ணை அவர்கள் பதிந்து வைத்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும், அதையும் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை காலை ஒரே ஒரு செய்தி. ஞாயிறு மாலைக்குள் ஆர்டர். அதற்குத் தகுந்தபடி வறுப்பதால் மீதமாவதே இல்லை.

வீட்டு விலாசம் வேண்டாம்

கூகுள் மேப்பில் நம் தொழிலை இலவசமாகப் பதியலாம். தனியாக இருக்கும் பெண்கள் கதவு எண்ணை மறைத்துவிட்டு, சேலையூர், கிழக்குத் தாம்பரம், ராஜகீழ்ப்பாக்கம் என்று கொண்டு தரும் இடங்களை மட்டும் காட்டலாம். வாங்கியவர் நல்லபடியாக நாலு வரி எழுதினால் அதுவே பெரிய விளம்பரம். என் கணவர் சாயந்திரம் ஸ்கூட்டரில் ஒரே சுற்றில் கொடுத்துவிட்டு வருவார்.

பணம் வாங்கும்போது

"அனுப்பிட்டேன்" என்று போனில் படம் காட்டி ஒருவர் ஆறு பாக்கெட் வாங்கிப் போனார். பணம் வரவே இல்லை. அது போலிப் படம்! வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. யாராவது கேட்டால் மோசடிதான். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

லேபிளில் என்ன எழுத வேண்டும்?

தின்பண்டம் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிய வேண்டும். 2021-ல் நான் பதிந்தபோது சிறு தொழிலுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தான். அவர்கள் தரும் 14 இலக்க எண், செய்த தேதி, எதுவரை வைத்திருக்கலாம், எடை, விலை, சேர்மானம் எல்லாம் இருக்கட்டும். நிலக்கடலை, எள் சேர்த்தால் கண்டிப்பாக எழுதுங்கள். சில குழந்தைகளுக்கு அவை ஒத்துக் கொள்ளாது.

பெயரைக் காப்பாற்றியது

2021 ஐப்பசி அடைமழையில் ஒரு தரம் அவசரமாகச் சூடு ஆறுமுன்னே பாக்கெட் போட்டுவிட்டேன். மறுவாரம் ஒரு பெண்மணி, "வாடை வருதும்மா" என்று செய்தி அனுப்பினார். எனக்குக் கைகால் ஓடவில்லை. அந்த ஈட்டில் 14 பாக்கெட் போயிருந்தது. "யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும்" என்றார் கணவர். மனசு ஒப்பவில்லை. 14 பேருக்கும் நானே எழுதினேன்: "தவறு என்னுடையது. சாப்பிட வேண்டாம். பணத்தைத் திருப்பித் தருகிறேன்." 1,260 ரூபாய் போயிற்று. மகள் கட்டணத்துக்கென்று ஒதுக்கியிருந்த பணம் அது! ஆனால் அந்தப் பெண்மணிதான் பிறகு தன் அலுவலகத்தில் எட்டுப் பேரைச் சேர்த்துவிட்டார்.

1959-ல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட ஆரம்பித்ததுதான் இன்றைய லிஜ்ஜத். அவ்வளவு பெரிதாக எனக்கு ஆசையில்லை. என் மகள் படிப்பை முடித்துவிட்டாள். நகை பெட்டியிலேயே இருக்கிறது. அது போதும்.

நீங்களும் தொடங்குவதானால் ஒரே ஒரு பொருளோடு தொடங்குங்கள். முதலில் தெரிந்த பத்து வீட்டுக்குக் கொடுத்துக் குறை கேளுங்கள். கணக்கெழுத ஒரு நோட்டு வாங்குங்கள். அதில் உங்கள் கைக்கூலியையும் மறக்காமல் எழுதுங்கள். ஆங், சொல்ல மறந்தேனே! பொடி நன்றாக ஆறிய பிறகே பாக்கெட்டில் போடுங்கள்.