குற்றாலத்துக் கல்லில் கடல் மீன் வாழுமா?



போன பொங்கலுக்குக் கிடைச்ச காசுல எங்க அண்ணன் ரெண்டு கோமாளி மீன் வாங்கிட்டு வந்தான். ஆரஞ்சு உடம்புல வெள்ளைப் பட்டை போட்ட கடல் மீன். கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணி, காத்து பம்பு எல்லாம் தயார். உள்ளே போட சிற்றாத்துல நாலு கூழாங்கல் எடுத்துட்டு வந்தோம். ஒரு வாரம் தாண்டல, ரெண்டு மீனும் செத்து மிதந்துச்சு. அண்ணன் அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல.

காரணம் என்ன? மீன் கழிவுல இருந்து அம்மோனியா உண்டாகும். அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும். இதனால தீங்கு குறைவு. இந்த பாக்டீரியாக்கள் குடியிருக்க இடம் வேணும். குற்றாலத்துக் கல்லு அம்மிக்கல் மாதிரி, உள்ளே துளையே கிடையாது. பவளக்கல்லோ இட்லி மாதிரி, உள்ளே எல்லாம் துளை. அதுல கோடிக்கணக்குல குடியிருக்கும்.

"அப்போ தூத்துக்குடிக்குப் போய் பவளக்கல் எடுத்துட்டு வரலாமே?" என்று கேட்பீர்கள். கூடாது! 2001-லேயே பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டி எடுத்ததால் கடல் அரிப்பு கூடியது. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற ரெண்டு தீவு தண்ணிக்குள்ளேயே போயிடுச்சு. சுருங்கிப் போன வான் தீவைக் காப்பாற்ற 2015 முதல் கான்கிரீட்டால் செய்த செயற்கைத் திட்டுகளைக் கடலில் இறக்கினார்கள். கடலுக்கே சிமெண்ட் கல் உதவும்போது நம்ம தொட்டிக்கு உதவாதா?

செய்முறை இதோ:

1. சிமெண்ட் ஒரு பங்கு, கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சல் தூள் ரெண்டு பங்கு, கல்லுப்பு ரெண்டு பங்கு. கொஞ்சமா தண்ணி விட்டுப் பிசைந்து, ஈர மணலில் குழி பறித்து ஊத்தணும். கையுறை கட்டாயம், சிமெண்ட் கையை அரிச்சிடும்.

2. ரெண்டு நாள் இறுகின பிறகு எடுத்து நல்ல தண்ணியில ஊறப் போடணும். உப்பு கரைஞ்சு போன இடமெல்லாம் துளை ஆயிடும். சிமெண்டில் இருந்து சுண்ணாம்புக் காரமும் இறங்கும். புதுசா கட்டின தொட்டியில் மீன் விட்டா சாகுறது இதனாலதான். தண்ணியை மாத்திக்கிட்டே இருக்கணும். மாத்தி ரெண்டு நாள் கழிச்சும் பி.எச். 8.5-ஐத் தாண்டலைன்னா கல் தயார். ஒன்றிரண்டு மாசம் ஆகலாம்.

3. இப்போ உப்புத் தண்ணி. ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம். இதுக்குக் கல்லுப்பு உதவாது. உப்பளத்தில் உப்பு விளையும்போதே கால்சியமும் மெக்னீசியமும் பெரும்பாலும் பிரிஞ்சு போயிடும். மீன் கடையில் விற்கும் கடல் உப்புக் கலவைதான் வேணும். கல்லை உள்ளே போட்டு, பம்பு ஓடவிட்டு, ஒரு சின்ன இறால் துண்டு போடுங்க. அது அழுகி அம்மோனியா வரும், பாக்டீரியா பெருகும். பாசி பிடிக்காமல் இருக்க விளக்கு போடாதீங்க.

4. வாரா வாரம் சோதனை செய்யணும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், அப்புறம் நைட்ரைட். ரெண்டும் பூஜ்யம் ஆனால், பாதித் தண்ணியை மாத்திட்டு ஒரே ஒரு மீன் விடலாம். பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

நாங்க இப்போ மூணாவது படியில இருக்கோம். தொட்டியில் மீனே இல்ல, வெறும் கல்லுதான். பார்க்கிறவங்க சிரிக்கிறாங்க. அண்ணன் மட்டும் தினமும் நோட்டுல அளவு எழுதி வைக்கிறான். இந்தத் தடவை அவசரப்பட மாட்டோம்.

யோசியுங்கள்: மீன் வாங்க ஒரு நிமிஷம் போதும். அது வாழ ஒரு வீடு கட்ட மூணு மாசம் வேணும்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவன்