கொப்புளமில்லாத செடி



இறம்பொடை அருவியைச் சூழ்ந்த மலைகளில் மழையும் மூடுபனியும் பல நாள் நீடித்தால், தேயிலைக் கொழுந்தில் ஒளி ஊடுருவும் சிறு பொட்டுகள் தோன்றும். பின்னர் அவை இலையின் அடிப்புறத்தில் வெண்கொப்புளங்களாகப் புடைக்கும். இதுவே கொப்புள நோய். 1868-இல் அசாமில் அறியப்பட்ட இந்நோய், 1946-இல் இலங்கையை அடைந்தது.

விதையிலிருந்து வளர்ந்த மலையில் ஒரு செடி போல் மறு செடி இராது. ஒன்று கொப்புளம் நிறைந்து நிற்க, அதன் அயற்செடி மாசற்று நிற்கும். அம்மாசற்ற செடியைத் தாயாகத் தேர்ந்து, தவறணையில் கன்றுகள் வளர்க்கலாமா? தேர்வு பிழைத்தால் அப்பிழை அரை நூற்றாண்டு மலையிலே நிற்கும். நட்டமோ கொழுந்து பறிப்போரின் கூடை வரை எட்டும்.

செடிகளுக்கிடையே காணும் வேறுபாட்டில் பிறவியால் வந்தது எவ்வளவு, மண்ணாலும் நிழலாலும் பனியாலும் வந்தது எவ்வளவு? பிறவியால் வந்த பகுதியைப் பரம்பரைப் பங்கு என்போம். தாய்க்கும் சேய்க்கும் உள்ள ஒற்றுமையைக் கொண்டு இதனை மதிப்பிடுவர். 1918-இல் ஃபிஷர் என்னும் ஆங்கிலேய அறிஞர் இதற்குக் கணித அடிப்படை வகுத்தார். உயரம் போன்ற பண்புகளுக்கு இம்முறை நன்கு பொருந்தும். அங்கே பெரும்பாலோர் நடுவிலும், சிலரே இரு ஓரங்களிலும் அமைவர். இவ்வமைப்பே செவ்வன் பரம்பல்.

கொப்புள எண்ணிக்கை அவ்வாறு அமைவதில்லை. பல செடிகளில் சுழியம். சிலவற்றில் மிகப் பல. அச்சிலவே சராசரியைத் தம் பக்கம் இழுத்துவிடும். எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி மடக்கை எடுத்தால் பெரிய எண்கள் அடங்கும். சுழியங்களின் குவியலோ கரையாது. மேலும், சுழியத்துக்கு இரு பொருள் உண்டு: செடி நோயை எதிர்த்திருக்கலாம், அல்லது நோய் வித்து அதனை அடையாமலே போயிருக்கலாம்.

இச்சிக்கலுக்கு அமெரிக்க அறிஞர் சிவால் ரைட் 1934-இல் ஒரு வழி காட்டினார். கினிப்பன்றிகளின் பின்னங்காலில் சாதாரணமாக மூன்று விரல்களே உண்டு. சிலவற்றில் நான்காவதும் தோன்றும். உள்ளே தொடர்ச்சியான ஓர் இயல்பு மறைந்திருக்கிறது. அது ஒரு வாசற்படியைத் தாண்டும்போதே விரல் வெளிப்படுகிறது என்று அவர் கருதினார். 1965-இல் ஃபால்கனர் இக்கருத்தை மனித நோய்களுக்கும் விரித்தார். அம்மறைந்த இயல்பு செவ்வன் பரம்பலாய் அமையும் என்பது ஓர் எடுகோளே; ஆயினும் பயனுள்ள எடுகோள்.

ஓர் உதாரணம் கூறுவேன். மறைந்த இயல்பின் பரம்பரைப் பங்கு நூற்றுக்கு 50 எனக் கொள்வோம். நோய் உண்டு, இல்லை என்று மட்டும் பதிந்தால், நூற்றில் பாதிச் செடிகள் நோயுறும் ஈரப் பருவத்தில் அப்பங்கு ஏறத்தாழ 32 எனத் தோன்றும். பத்தே செடிகள் நோயுறும் உலர் பருவத்தில் 17 எனத் தோன்றும். செடிகளின் பிறவி மாறவில்லை, வானிலையே மாறியது. வாசற்படி எங்கே இருந்தது என்பதைக் கணக்கிற் சேர்த்தால், இரண்டிலிருந்தும் அதே 50-ஐ மீட்கலாம்.

ஆகவே, ஓர் உலர் பருவத்தில் தூய்மையாக நின்றதென்று எச்செடியையும் போற்றிவிடலாகாது. அதன் கன்றுகளைப் பல இடங்களில் நட்டு, எளிதில் நோயுறும் செடிகளை அருகே நிறுத்தி, சில ஈரப் பருவங்கள் பார்த்தல் வேண்டும். மூடுபனியிலும் கொப்புளமின்றி நிற்கும் செடியே தாயாகத் தகுந்தது.