தொட்டியில் கற்றாழையும் கள்ளியும்: திண்ணையில் ஒரு துணை வருமானம்

கிணறு வற்றி மணிலாக் கொடி வாடும் கோடையிலும், செஞ்சி வட்டம் தொண்டூர்ப் பகுதியின் பாறை இடுக்குகளில் சதுரக்கள்ளியும் பிரண்டையும் பசுமை மாறாமல் நிற்பதை நம் விவசாயிகள் அறிவார்கள். இத்தகைய சதைப்பற்றுச் செடிகளை அழகுத் தொட்டிகளில் வளர்த்து விற்பது, நீர் குறைந்த இடத்துச் சிறு விவசாயிக்கு ஏற்ற உபதொழிலாகும். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. கோட்டையைக் காண வருவோரும், திண்டிவனம், புதுச்சேரி நகரவாசிகளும் இதை வாங்கக் கூடியவர்கள்.

இச்செடிகளுள் பல, பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. அதனால் நீர் ஆவியாவது குறைகிறது. சதையில் சேர்த்த நீரே பல நாட்களுக்குப் போதும். ஆகவே இவை வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதே அதிகம்.

பல ஆண்டுகளுக்கு முன் நானே இதைப் பட்டு அறிந்தேன். 40 தொட்டிகளில் வண்டல் மண்ணும் தொழு உரமும் நிறைய இட்டுக் கற்றாழை நட்டு, நாள் தவறாமல் நீர் ஊற்றினேன். ஐப்பசி அடைமழையில் பாதிக்கு மேல் அழுகிப் போயின. செடிக்குச் செய்த உபசாரமே அதற்கு எமனாயிற்று.

எந்தச் செடிகள்?

சோற்றுக்கற்றாழை, மருள், ரணகள்ளி, திருகுக்கள்ளி, அடினியம் ஆகியவை நம் வெயிலைத் தாங்கும். குளிர்ப் பிரதேசத்து ரோஜா வடிவச் செடிகளில் பல நம் கோடையில் நிற்பதில்லை. அவற்றில் பணம் போட வேண்டாம். கற்றாழையைப் பக்கக் கன்றிலிருந்தும், ரணகள்ளியை இலையிலிருந்தும், திருகுக்கள்ளியைத் தண்டிலிருந்தும், அடினியத்தை விதையிலிருந்தும் பெருக்கலாம். கோட்டை மலையிலோ காப்புக் காட்டிலோ செடிகளைப் பிடுங்குதல் கூடாது. வீட்டு வேலியிலும் வயல் வரப்பிலும் உள்ளதே போதும்.

தொட்டியும் மண்ணும்

சுட்ட மண் தொட்டியே சிறந்தது; அதன் சுவர் ஈரத்தை வெளியேற்றும். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் பெயர் பெற்ற ஊர். விரிசல் விட்ட பானை, பழைய சட்டி ஆகியவையும் உதவும். அடியில் துளை கட்டாயம் வேண்டும். துளைமேல் ஓட்டுச்சில்லை வைத்து, செம்மண் 1 பங்கு, பருமணல் அல்லது செங்கல் பொடிக்கல் 2 பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து நிரப்பவும்.

வெட்டிய தண்டை உடனே நடக் கூடாது. நிழலில் 4 முதல் 7 நாட்கள் வைத்து, வெட்டுவாய் காய்ந்த பின் நட வேண்டும். நட்ட பிறகும் சில நாட்கள் கழித்தே நீர் விட வேண்டும். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. வெட்டும்போது கையுறை அணிந்து, குழந்தைகளைத் தள்ளி வைக்கவும்.

ஒரே தொட்டியில் பல செடிகளை வைப்பதானால், ஒரே அளவு நீர் கேட்பவற்றையே சேர்க்க வேண்டும். உயரமான மருளைப் பின்னாலும் குட்டையான கற்றாழையை முன்னாலும் நட்டு, மேலே கூழாங்கல் பரப்பினால் பார்வைக்கு அழகு, மண்ணும் தெறிக்காது.

பராமரிப்பு

ஒரு குச்சியை மண்ணில் செருகி எடுத்துப் பாருங்கள். ஈர மண் ஒட்டினால் நீர் வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளையில் வடியும்வரை ஊற்றி, அடுத்த முறை மண் காயும்வரை காத்திருக்கவும். தொட்டியின் கீழ்த் தட்டில் நீர் தேங்க விடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றுவது அவசியம்.

மாவுப்பூச்சி தென்பட்டால் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைக்கவும். அதிகமானால், 1 லிட்டர் நீருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி. வீதம் சிறிது சோப்புடன் கலந்து மாலையில் தெளிக்கவும். அழுகிய பகுதியை நல்ல சதை தெரியும்வரை வெட்டி எறிந்து, மீதியைக் காயவைத்து மறுபடி நடலாம்.

ஓர் எச்சரிக்கை

வெளிநாட்டிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி தென்னிந்தியாவில் நிலங்களை அடைத்துக்கொண்டது. அதை ஒடுக்க 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு வகைக் கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. எனவே கழித்த துண்டுகளை வரப்பிலோ ஓடையிலோ எறியாமல் காயவைத்து எரித்துவிடுங்கள்.

முதல் ஆண்டில் 20 தொட்டிகளுக்கு மேல் வேண்டாம். தொட்டி விலை, உங்கள் உழைப்பு, அழுகியவை, விற்றவை அனைத்தையும் நோட்டில் குறித்து வாருங்கள். கணக்கு லாபம் காட்டினால் பெருக்கலாம். மணிலாவையும் நெல்லையும் விட்டுவிட்டு இதில் இறங்க வேண்டாம். தை, மாசியில் தொடங்கினால் மழைக்கு முன் செடி வேர் பிடித்து விற்பனைக்குத் தயாராகும். இல்லத்தரசிகளும் முதியோரும் ஓய்வு நேரத்தில் செய்யக்கூடிய இத்தொழிலை அளவோடு தொடங்கிப் பயன் பெறலாம்.