கட்டற்ற மென்பொருள்: அன்றாடக் கணினி வேலைக்கு ஒரு கையேடு

இலவச மென்பொருளும் கட்டற்ற மென்பொருளும் ஒன்றல்ல. காசில்லாமல் கிடைப்பதெல்லாம் இலவச மென்பொருள். அதன் மூலநிரலைப் படிக்கவும், திருத்தவும், பிறருக்குப் பகிரவும் உரிமை தந்தால்தான் அது கட்டற்ற மென்பொருள். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டம் இந்தக் கொள்கையை முன்வைத்தது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருநிரல் அதனோடு சேர்ந்தபோது முழுமையான இயங்குதளம் உருவானது.

தமிழ்நாட்டில் லினக்ஸ் வீடுகளுக்குள் நுழைந்த வழிகளில் ஒன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அத்திட்டத்தின் கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் அந்த மடிக்கணினி இன்னும் அலமாரியில் கிடந்தால், அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பழைய வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி போட்டு, லுபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் போன்ற எளிய இயங்குதளத்தை நிறுவினால், கணக்கு எழுதவும் கடிதம் தட்டச்சவும் அது போதும். நிறுவுவதற்கு முன்பே பென்டிரைவிலிருந்து இயக்கி, வைஃபையும் ஒலியும் சரியாக வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11ஐத் தாங்காத கணினிகளுக்கும் இந்த வழி பொருந்தும்.

அடுத்த தேவை தமிழ்த் தட்டச்சு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்தது தமிழ்99 விசைப்பலகை. இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். ஆகவே ‘நாமக்கல்’ என்று எழுத ந, ஆ, ம, க, க, ல, புள்ளி என ஏழு தட்டல்கள் போதும். விண்டோஸின் புதிய பதிப்புகளில் மொழி அமைப்புக்குள் சென்று தமிழ்99ஐச் சேர்த்துக்கொள்ளலாம். தனியே நிறுவ விரும்புவோருக்கு எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் ஆகியவை உண்டு. முன்னது கட்டற்றது, பின்னது இலவசமானது.

தட்டச்சு செய்ததை ஒருங்குறியில் வைத்திருப்பது முக்கியம். அழைப்பிதழ், துண்டறிக்கை அச்சிடும் டிடிபி கடைகளில் நெடுங்காலம் புழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைப்பவை. பாமினியில் ‘அ’ இருப்பது ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தின் இடத்தில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் மறைந்து ஆங்கிலக் குவியல்தான் தெரியும். தேடினாலும் சொல் அகப்படாது. ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்கும் உயிர்க்குறிகளுக்கும் தமக்கென எண்கள் உள்ளன. தமிழக அரசும் 2010இல் ஒருங்குறியை ஏற்றது. பழைய கோப்புகளை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளால் ஒருங்குறிக்குக் கொண்டுவந்து, ஒருமுறை பிழை பார்த்துவிட்டால் அவை பிழைத்துக்கொள்ளும்.

அலுவலக வேலைக்கு லிப்ரெஆபிஸ் உண்டு. 2010இல் ஓப்பன்ஆபிஸிலிருந்து பிரிந்து வளர்ந்த இதில் கடிதத்துக்கு ரைட்டர், கணக்குக்குக் கால்க், விளக்கக்காட்சிக்கு இம்ப்ரெஸ் உள்ளன. நாமக்கல் கோழிப்பண்ணையில் 10,000 கோழிகள் ஒருநாள் 9,200 முட்டை இட்டால், முட்டையைக் கோழி எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்க, உற்பத்தி 92 விழுக்காடு. இந்தச் சூத்திரத்தைக் கால்க்கில் ஒரு கட்டத்தில் எழுதி, கீழே இழுத்துவிட்டால் மாதம் முழுவதற்கும் கணக்கு வந்துவிடும். லாரி ஓடிய கிலோமீட்டரை டீசல் லிட்டரால் வகுத்து மைலேஜ் பார்க்கவும் இதே முறைதான்.

மின்தடைக்கு அஞ்சுவோர் லிப்ரெஆபிஸின் விருப்பங்கள் பகுதியில் தானியங்கி மீட்புச் சேமிப்பின் இடைவெளியை மூன்று நிமிடமாகக் குறைக்கலாம். ஜெராக்ஸ் கடைக்கோ அச்சகத்துக்கோ கொடுக்கும் ஆவணத்தை பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்தால், எழுத்துருவும் உடன் செல்வதால் வரிகள் குலையாது.

மற்ற வேலைகளுக்கும் தோதான கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. ஏறக்குறைய எல்லாவகை வீடியோவையும் ஒலியையும் இயக்க விஎல்சி, கோப்புகளைச் சுருக்கவும் விரிக்கவும் 7-ஜிப், படம் திருத்த கிம்ப், விளம்பரத் தட்டி வரைய இங்க்ஸ்கேப், குரல் பதிவை வெட்டி ஒட்ட அடாசிட்டி, கடவுச்சொற்களைப் பூட்டிவைக்க கீபாஸ் எனப் பட்டியல் நீளும். எதையும் அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்புகள் வேறு நிரல்களையும் சேர்த்து ஏற்றிவிடக்கூடும். விலைக்கு விற்கும் மென்பொருளைப் பூட்டுடைத்துத் தரும் பிரதிகளில் தீநிரல் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

விண்டோஸில் சின்னச் சின்னக் குறுக்குவழிகளும் நேரத்தை மிச்சப்படுத்தும். விண்டோஸ் விசையுடன் ‘வி’ அழுத்தினால் முன்பு நகலெடுத்தவை வரிசையாக வரும்; முதல்முறை மட்டும் அதை இயக்கிவைக்க வேண்டும். அதே விசையுடன் ‘ஷிஃப்ட்’, ‘எஸ்’ சேர்த்து அழுத்தினால் திரையின் வேண்டிய பகுதி மட்டும் படமாகும். விண்டோஸ் விசையுடன் ‘எல்’ அழுத்தினால் கணினி பூட்டிக்கொள்ளும்.

இவற்றுக்கெல்லாம் மேலானது காப்புப்பிரதி. கோப்புக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பொதுவிதி. கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பகத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் விதி நிறைவேறும். மாதம் ஒருமுறை அவற்றில் ஒரு கோப்பையாவது திறந்து பார்த்து, பிரதி பழுதின்றி இருப்பதை உறுதிசெய்ய வேண்டும்.